மடிக்கணினியின் வாயிற்காவல்

புதிதாக வாங்கிய மடிக்கணினி ஒன்றை ஒருவர் மேசைமீது வைத்து இயக்குகின்றார். திரை ஒளிர்கின்றது; யாவும் செம்மையாக உள்ளன. தம் தொழிலுக்கு வேண்டிய கணக்கு நிரல் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி, அதனை நிறுவ முற்படுகின்றார். உடனே ஓர் அறிவிப்பு எழுகின்றது. மைக்ரோசாப்ட் நிறுவனம் சரிபார்த்த செயலிகள் மட்டுமே இங்கு இயங்கும் என்பது அவ்வறிவிப்பின் கருத்து. மீண்டும் முயல்கின்றார், மீண்டும் அதே விடை. கணினி பழுதுற்றதோ என்று ஐயுறுகின்றார். பழுது ஏதும் இல்லை. வாயிலில் நிற்கும் காவலனுக்கு இடப்பட்ட கட்டளை வழுவாது நிறைவேறுகின்றது, அவ்வளவே. அக்கட்டளை யாது, அதனை இட்டவர் யார், நீக்கும் உரிமை எவர்க்கு உண்டு என்பன கணினியைக் கையாளுவோர் அனைவரும் அறியத்தக்கன.

கணினி என்பது கட்டளைகளை நிறைவேற்றும் ஒரு பொறி. அக்கட்டளைகளின் தொகுதி நிரல் எனப்படும். நிரல்கள் பலவற்றையும் தாங்கி, அவற்றுக்கு நினைவகத்தையும் திரையையும் விசைப்பலகையையும் பங்கிட்டுக் கொடுக்கும் தலைமை நிரலுக்கு இயங்குதளம் என்று பெயர். அமெரிக்க நாட்டு மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் ஆக்கிய விண்டோஸ் அத்தகைய இயங்குதளங்களுள் ஒன்று. எந்நிரல் இயங்கலாம், எந்நிரல் இயங்கலாகாது என்று தீர்மானிக்கும் வல்லமை இயங்குதளத்திற்கு இயல்பாகவே உண்டு. ஆயினும், நெடுங்காலம் அவ்வல்லமை உறங்கியே கிடந்தது.

1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டபொழுது, அதற்கு நிரல் எழுத எவரும் எவரிடமும் இசைவு பெற வேண்டியதில்லை. எழுதியவர் அதனை நெகிழ்வட்டிற் பதித்து விற்றார். வாங்கியவர் தம் கணினியில் இட்டு இயக்கினார். இடையில் நிற்பார் ஒருவரும் இலர். மாணவன் ஒருவன் தன் இல்லத்து அறையில் எழுதிய நிரலும், பெருநிறுவனம் பலரைக்கொண்டு எழுதிய நிரலும் அக்கணினிக்கு ஒன்றே. கணினித் தொழில் விரைந்து வளர்ந்தமைக்கு இத்திறந்த வாயில் ஒரு பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை.

ஆனால், திறந்த வாயில் நல்லார்க்கும் தீயார்க்கும் ஒக்கத் திறந்திருந்தது. 1986ஆம் ஆண்டில் லாகூர் நகரத்துச் சகோதரர் இருவர் எழுதிய 'பிரெயின்' என்னும் நச்சுநிரல் நெகிழ்வட்டுகளின் வழியே நாடு பல கடந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து புறப்பட்ட மற்றொரு நச்சுநிரல், காதற் கடிதம் போல வேடமிட்டு மின்னஞ்சலிற் சென்றது. ஆவலோடு அதனைத் திறந்தவர்தம் கோப்புகள் பாழாயின. அவர்தம் முகவரிப் பட்டியலில் இருந்தோர்க்கெல்லாம் அதே கடிதம் தானே சென்றது. அந்நிரலை இயக்கியவர் கள்வர் அல்லர். கணினியின் உரிமையாளரே தம் கையால் அதனை இயக்கினார். சிக்கல் இங்கேதான் இருக்கின்றது. உரிமையாளரின் ஆணையைத் தட்டாத பொறி, ஏமாற்றப்பட்ட உரிமையாளரின் ஆணையையும் தட்டுவதில்லை.

இதற்கு மாற்றாகத் தோன்றியது, நிரல்கள் யாவும் ஒரே கடையின் வழியே வரவேண்டும் என்னும் ஏற்பாடு. 2008ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசிக்கென 500 செயலிகளுடன் ஒரு கடையைத் திறந்தது. நிறுவனத்தார் பார்த்து ஒப்பிய செயலிகளே அங்கு இடம்பெற்றன. கைப்பேசி புதிய பொருளாதலின், இழந்தோம் என்று மக்கள் கருதுவதற்கு அதில் ஏதும் இல்லை. கணினியின் நிலை அவ்வாறன்று. 2012ஆம் ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாப்ட் வெளியிட்ட 'விண்டோஸ் ஆர்.டி.' என்னும் இயங்குதளம் தன் கடையிலுள்ள செயலிகளையன்றிப் பிறவற்றை நிறுவ இடந்தரவில்லை. மக்கள் பல்லாண்டு பழகிய நிரல்கள் அதில் ஓடவில்லை. பூட்டு இருந்தது, திறவுகோல் எவர் கையிலும் கொடுக்கப்படவில்லை. அவ்வியங்குதளத்தைத் தாங்கிய சர்பேஸ் கணினிகள் விலைபோகாது தேங்கின. அடுத்த ஆண்டு ஜூலையில் அந்நிறுவனம் அவற்றின்பொருட்டு 90 கோடி டாலரை இழப்பாகத் தன் கணக்கில் எழுதிக்கொண்டது.

அவ்வனுபவத்திற்குப் பின்னரும் அக்கருத்துக் கைவிடப்படவில்லை. 2017ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் நியூயார்க் நகரில் நிகழ்ந்த கூட்டத்தில், பள்ளிகளைக் கருத்திற்கொண்டு ஆக்கப்பெற்ற 'விண்டோஸ் 10 எஸ்' அறிவிக்கப்பட்டது. அதுவும் கடைச் செயலிகளையே ஏற்றது. ஆயின், இம்முறை திறவுகோல் ஒன்று உடன் வந்தது. வேண்டுவோர் முழுமையான விண்டோஸுக்கு மாறிக்கொள்ளலாம். குறித்த காலத்திற்குள் மாறினால் கட்டணம் இல்லை, அதன் பின்னர் 49 டாலர் என்பது ஏற்பாடு. தம் பணம் கொடுத்து வாங்கிய பொறியில் தாம் விரும்பிய நிரலை இயக்குவதற்கு மீண்டும் பணம் கொடுப்பதா என்னும் வினா எழுந்தது. அது நேர்மையான வினாவே. 2018ஆம் ஆண்டில் ஏற்பாடு திருத்தப்பட்டது. தனிப் பதிப்பாக இருந்த 'எஸ்', விண்டோஸின் ஒரு நிலையாக, 'எஸ் மோடு' என்னும் பெயரில் மாறியது. அந்நிலையிலிருந்து வெளியேறுதற்குக் கட்டணம் இல்லை என்றும் ஆயிற்று. விண்டோஸ் 11இன் ஹோம் பதிப்பில் இன்றும் அந்நிலை உண்டு. விலை குறைந்த மடிக்கணினிகள் பல அந்நிலையிலேயே கடைக்கு வருகின்றன. வாங்குவோர் பெட்டியின்மீது அச்சிட்டிருப்பதைப் படிப்பது அரிதாதலின், வீடு சென்று பெட்டியைத் திறந்த பின்னரே அதனை அறிகின்றனர்.

காவலன் நண்பரையும் பகைவரையும் எவ்வாறு வேறு பிரிக்கின்றான்? காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய பண்டங்களின்மீது சோழ மன்னனின் புலிப்பொறி இடப்பட்டது எனப் பட்டினப்பாலை கூறுகின்றது. பொறியிட்ட மூட்டை அரசனின் அலுவலர் கண்ட மூட்டை என்பது அதனால் விளங்கும். கணினியிலும் அத்தகைய பொறி ஒன்று உண்டு. மின்கையொப்பம் என்பது அதன் பெயர். ஒரு நிரலின் எழுத்துகள் அனைத்தையும் கணக்கிட்டு ஒரு நீண்ட எண் பெறப்படுகின்றது. நிரலில் ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் முற்றிலும் மாறிவிடும். அந்த எண்ணை நிறுவனம் தன்னிடம் மட்டுமே உள்ள மறைத்திறவி ஒன்றால் பூட்டி நிரலுடன் சேர்த்து அனுப்புகின்றது. அதனைச் சரிபார்த்தற்குரிய பொதுத்திறவி ஒவ்வொரு கணினியிலும் உண்டு. நிரலை இயக்கும் முன்னர்க் கணினி தானே கணக்கிட்டு, இரண்டு எண்களும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கின்றது. புலிப்பொறியைப் போலி செய்ய ஒரு கொல்லன் போதும். மறைத்திறவியைப் போலி செய்வது அத்துணை எளிதன்று.

எஸ் நிலையில் இச்சோதனை நிறுவும்பொழுது மட்டும் நிகழ்வதன்று. நிரல் இயங்கத் தொடங்கும் பொழுதே நிகழ்கின்றது. ஆகவே, வேறொரு கணினியிலிருந்து பென்டிரைவில் கொண்டுவந்து இயக்க முயன்றாலும் விடை ஒன்றே. கட்டளைச் சாளரம், பதிவேட்டுத் திருத்தி முதலிய விண்டோஸின் சொந்தக் கருவிகளும் அந்நிலையிற் பூட்டப்பட்டிருக்கும். பதிவேட்டைத் திருத்தினாற் பூட்டுத் திறக்கும் என்று கூறுவோர் சிலர் உளர். திருத்தும் கருவியே திறவாத இடத்தில் அவ்வறிவுரை பயன்படாது.

இக்காவலால் விளையும் நன்மை பெரிது. தெரியாத மின்னஞ்சலில் வந்த இணைப்பைச் சிறுவன் ஒருவன் அழுத்திவிட்டாலும், கையொப்பமற்ற அந்நிரல் எழுந்திருப்பதில்லை. ஆனால், காவல் முற்றானது என்று எண்ணுதல் கூடாது. அறிவிக்கப்பட்ட மறுமாதமே பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர், வேர்டு ஆவணத்தில் பொதியப்படும் மேக்ரோ என்னும் கட்டளைத் தொகுதியின் துணையால், ஏறத்தாழ 3 மணி நேரத்தில் அம்மதிலைக் கடந்து காட்டினார். காவலுக்கு உட்பட்டதே வேர்டு; ஆயினும், அதன் முதுகில் ஏறிப் பிறிதொன்று உள்ளே சென்றது. மேலும், காவலனின் கட்டளையிற் பாதுகாப்போடு வாணிகமும் கலந்துள்ளது. எஸ் நிலையில் இயல்பான உலாவியாக எட்ஜும், அதில் இயல்பான தேடுபொறியாகப் பிங்கும் அமைந்துள்ளன. அவ்விரண்டும் மைக்ரோசாப்டுக்கே உரியவை. 2017ஆம் ஆண்டு டிசம்பரில் கூகுள் நிறுவனம் தன் குரோம் உலாவியைப் பெறும் பக்கத்திற்கு வழிகாட்டும் சிறு செயலி ஒன்றைக் கடையில் வைத்தது. அது விதிக்கு மாறானது எனக் கூறி மைக்ரோசாப்ட் உடனே நீக்கியது. காவலனுக்கு ஊதியம் தருபவர் வணிகராகவும் இருப்பின், அவன் தடுக்கும் மூட்டை எல்லாம் நஞ்சாக இருக்க வேண்டுவதில்லை.

இக்கட்டுப்பாட்டை நீக்க விரும்புவோர் முதலில் தம் கணினி எந்நிலையில் உள்ளது என்று காணவேண்டும். விண்டோஸ் 11இல் 'செட்டிங்ஸ்' பகுதியைத் திறந்து, 'சிஸ்டம்' என்பதன் கீழுள்ள 'அபௌட்' பக்கத்தைப் பார்த்தால், பதிப்பின் பெயரோடு எஸ் மோடு என்னும் குறிப்பு இருக்கும். இல்லையேல் தடை வேறிடத்தில் உள்ளது. அக்குறிப்பு இருப்பின், அதே 'சிஸ்டம்' என்பதன் கீழ் 'ஆக்டிவேஷன்' பக்கத்திற்குச் சென்று, 'ஸ்விட்ச் டு விண்டோஸ் 11 ஹோம்' என்னும் தலைப்பின் கீழுள்ள 'கோ டு தி ஸ்டோர்' என்பதை அழுத்துதல் வேண்டும். இங்குக் கருத்து மிக வேண்டும். பதிப்பை உயர்த்துவதற்குரிய வேறொரு தலைப்பும் அப்பக்கத்தில் தோன்றலாம். அதன் கீழும் 'கோ டு தி ஸ்டோர்' என்னும் அதே சொற்கள் இருக்கும். அதனை அழுத்துவோர் விலை கொடுத்து வாங்கவேண்டிய புரோ பதிப்பின் பக்கத்தை அடைவர். சரியான வழியிற் சென்றால், எஸ் நிலையிலிருந்து வெளியேறுதல் பற்றிய பக்கம் திறக்கும். மைக்ரோசாப்ட் கணக்கின் வழியே உட்புகுமாறு கேட்கப்படலாம். பின்னர், 'கெட்' என்னும் பொத்தானை அழுத்தி உறுதி செய்தால் வேலை முடிந்தது. கோப்புகள் அழிவதில்லை. பணமும் கொடுக்க வேண்டியதில்லை. இதற்குக் கூலி கேட்போர் எவராயினும் அவர் ஏமாற்றுவோரே.

எஸ் நிலையில் இல்லாத கணினியும் சில வேளை கடைச் செயலிகளையன்றிப் பிறவற்றை ஏற்க மறுக்கும். அது பூட்டன்று, தாழ்ப்பாள். 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ஆப்ஸ்' என்பதன் கீழ், செயலிகளை எங்கிருந்து பெறலாம் என்று வினவும் இடம் ஒன்று உண்டு. அங்குக் கடை மட்டும் என்பதை மாற்றி, எங்கிருந்தும் பெறலாம் என்றோ, எச்சரித்த பின் நிறுவலாம் என்றோ அமைத்துக்கொள்ளலாம். இத்தாழ்ப்பாளை விரும்பியபொழுது மீண்டும் இடலாம். பள்ளியோ அலுவலகமோ வழங்கிய கணினியாயின், இவை யாவும் அந்நிறுவனத்து மேலாளரின் கையில் இருத்தல் கூடும். அவரைக் கேட்பதே முறை.

எஸ் நிலையின் பூட்டு அத்தன்மையதன்று. ஒருமுறை திறந்தால் மீண்டும் பூட்ட இயலாது. கடைச் செயலிகளே இதுவரை இங்கு இயங்கின என்பதுதான் அந்நிலை தரும் உறுதி. அயலான் ஒருவன் உட்புகுந்த பின் அவ்வுறுதியை எவராலும் திரும்ப அளிக்க முடியாது. ஆதலால், வாங்கிய அன்றே பழக்கத்தின் பொருட்டு அதனைத் திறந்துவிடுவது அறிவுடைமை அன்று. மின்னஞ்சல் படித்தல், கட்டுரை எழுதுதல், பாடம் காணுதல் ஆகியவற்றோடு நிற்கும் முதியோர்க்கும் சிறுவர்க்கும் அந்நிலை போதும். கட்டளைச் சாளரத்தின் துணையோடு நிரல் எழுதப் பயிலும் மாணவனுக்கு அது போதாது. பழைய அச்சுப்பொறியின் நிறுவு நிரலைத் தேடுபவர்க்கும், கடையில் இல்லாத கணக்கு நிரலால் தம் வாணிகத்தை நடத்துபவர்க்கும் அவ்வாறே. வேண்டிய நிரல் அல்லது அதற்கு ஈடானது கடையில் உண்டா என்று முதலில் தேடி, இல்லாதவிடத்துத் திறப்பதே வரிசை.

திறந்த பின்னர்க் காவல் முற்றும் ஒழிந்துவிடுவதில்லை. நச்சுநிரல்களைத் தேடும் டிபெண்டர் தன் பணியைத் தொடர்ந்து செய்யும். இயங்குதளத்தின் ஓட்டைகளை அடைக்கும் புதுப்பிப்புகளும் வந்துகொண்டிருக்கும். அவற்றைத் தள்ளிப்போடுதல் தகாது. 2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் உலகெங்கும் பரவி, பிரிட்டன் நாட்டு மருத்துவமனைகளையும் தடுமாறச் செய்த 'வான்னாக்ரை' என்னும் நச்சுநிரல், எவரும் நிறுவியதால் வந்ததன்று. வலையமைப்பில் இருந்த ஓட்டை ஒன்றின் வழியே அது தானே புகுந்தது. அவ்வோட்டைக்குரிய அடைப்பு இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளிவந்திருந்தது. நிரல் ஒன்றைப் பெறும்பொழுது, அதனை ஆக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்தே பெறுதல் வேண்டும். இலவசம் என்று அழைக்கும் இடைத்தளங்களில் நிரலோடு வேறு பலவும் ஒட்டிக்கொண்டு வரும். அறிமுகமில்லாத நிரலை இயக்க முற்பட்டால், 'ஸ்மார்ட்ஸ்கிரீன்' என்னும் மற்றொரு காவல் நீலநிறச் சாளரம் ஒன்றைத் திரையில் நிறுத்தும். இயக்க வேண்டா என்னும் பொத்தான் அதில் வெளிப்படையாகத் தெரியும். எவ்வாறாயினும் இயக்குக என்னும் பொத்தானோ, 'மோர் இன்போ' என்னும் சிறு எழுத்துகளை அழுத்திய பின்னரே தோன்றும். அங்கு நிரலை ஆக்கியவர் பெயரும் காட்டப்படும். அப்பெயர் தாம் எதிர்பார்த்ததுதானா என்று உரிமையாளர் படித்துப் பார்க்கலாம். அப்பொத்தானை அழுத்துவதும் அழுத்தாது விடுவதும் அவர் கையில் உள்ளன.