மானுட வடிவமும் அது உணர்த்தும் பொருளும்

சைவாசிரியர்களே,

யான் இளமையில் மிஷன் பாடசாலையொன்றிற் பயின்றவன். அங்கே ஓருபாத்தியாயர் கிரேக்கச் சிலைகளின் படங்களைக் காட்டி, மானுட அழகென்பது இதுவே என்றார். பின்னர்க் காரைக்காலம்மையார் திருவுருவப் படத்தைக் காட்டினார். வகுப்பு முழுதும் சிரித்தது, யானுஞ் சிரித்தேன். எம் அன்னையார் நாடோறும் வணங்கும் அம்மையாரைக் கண்டு சிரித்தேனே என்னும் நாணம் இன்றுகாறும் நீங்கிற்றில்லை. அச்சிரிப்பு அறியாமையின் பாற்பட்டது என்பதை இங்கே விளக்குவாம்.

ஒருருவத்தை மதிப்பிடுமுன், அஃது எதன்பொருட்டு அமைக்கப்பட்டதென அறிதல் வேண்டும். எகிப்தியர், இறந்தோரின் உயிராற்றல் தங்கிப் படையலை ஏற்றற்பொருட்டுக் கல்லறைகளில் உருவங்களை வைத்தனர். அவை என்றும் நிலைபெறல் வேண்டுமாதலின் மாறாத அளவு வகுத்தனர். சுவரிற் சதுரக் கட்டங்கள் கீறி, நிற்கும் மனிதனை உள்ளங்கால் தொட்டு நெற்றிமயிர் எல்லைவரை 18 கட்டங்களுள் அடக்குதல் அவர்தம் நெடுங்கால வழக்கு.

கிரேக்கர், கி.மு. 600ஐ அடுத்த காலத்தில், இடக்காலை முன்வைத்து நிற்கும் எகிப்திய நிலையையே தாமும் மேற்கொண்டனர். ஆயினும் முதுகைத் தாங்குங் கல்லை நீக்கி, ஆடையில்லாத இளைஞனைத் தனித்து நிற்கச் செய்தனர். திருந்திய உடலே அவர்க்கு மேன்மையின் அடையாளம். நிலை ஒன்றே, கருத்தோ வேறு.

இனி நம்மவர் செயலை நோக்குக. பொலன்னறுவைச் சிவாலய இடிபாடுகளில் 1907ஆம் ஆண்டு முதலாகக் கண்டெடுக்கப்பட்ட செப்புத் திருவுருவங்கள் பல கொழும்பு நூதனசாலையில் உள்ளன. அவற்றுள் நாயன்மாரும் மாணிக்கவாசகரும் உளர். அவற்றை வார்த்த சிற்பிகள் அவ்வடியார்க்குப் பன்னூறாண்டு பிற்பட்டவர். அவர் முகங்களைக் கண்டவரல்லர். ஆகவே முகத்தாலன்றித் தொண்டாலே அடியாரைக் காட்டினர். அப்பரை உழவாரத்தாலும், மாணிக்கவாசகரைக் கையிலுள்ள ஏட்டினாலும் நாம் அறிகின்றோம்.

அம்மையாரோ, கணவன்பொருட்டுத் தாங்கிய தசைப்பொதியைக் கழித்துப் பேய்வடிவு வேண்டிப் பெற்றவர். என்பு தோன்றும் மேனியுங் கையிலே தாளமும் அத்துறவையும் இசைத்தொண்டையுமே கூறுகின்றன. அழகமைக்க அறியாமையால் சிற்பி அங்ஙனஞ் செய்தானென்னில், அது பொருந்தாது. சுந்தரரை மணக்கோலத்துப் பேரழகராக வார்த்ததும் அம்மரபே.

ஆசிரியர்காள்! இப்பாடத்தை நடத்தும்பொழுது, இவ்வுருவம் யாருடையது, எதன்பொருட்டு அமைந்தது, எவ்வடையாளத்தால் அதனை அறிகின்றோம் என்னும் மூன்று வினாக்களை மாணாக்கரிடம் கேளுங்கள். கிரேக்க உருவையும் அம்மூன்றினாலே ஆராயச் செய்யுங்கள். பிறருருவை இகழ்தலும் அறியாமையே. ஒரு பிள்ளை சிரிப்பானாயின் அவனைக் கடியற்க. சிரித்த எனக்கு அன்று ஒருவரும் இவ்வினாக்களைத் தந்திலர். தந்திருப்பின், அன்று மாலையே அன்னையாரோடு கோயிலுக்குச் சென்று அம்மையாரை வணங்கியிருப்பேன்.