புள்ளியைக் கண்டதும் பம்பைத் தூக்காதே



தம்பி, கோலசிலாங்கூர் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நாற்றங்கால் பொறுப்பு உன் கைக்கு வந்திருக்கிறது. மலேசியாவில் செம்பனை முதன்முதலாக வணிகப் பயிராக வேரூன்றியது இதே மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். 1917இல் ஹென்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார். நூறாண்டு கடந்தும், புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் மாறவில்லை. ஓலையில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் பூஞ்சை என்று முடிவுகட்டி, உடனே மருந்து கலக்கச் சொல்லிவிடுகிறார்கள்.

பூஞ்சையும் புள்ளி போடும், பசித்த மண்ணும் போடும், காற்றில் வந்த களைக்கொல்லியும் போடும். நிறத்தை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது.

நாற்றங்காலில் முதல் சந்தேகம் கர்வுலேரியா பூஞ்சைமேல் விழுவது நியாயம். இளம் ஓலையில் மஞ்சள் பொட்டாகத் தொடங்கி, நடுவில் பழுப்பாகிக் குழிந்து, சுற்றிலும் மஞ்சள் வளையம் கட்டும். பைகளை நெருக்கி அடுக்கி, மேலிருந்து தண்ணீர் பீய்ச்சும் இடத்தில் இது வேகமாகப் பரவும். அங்கே முதல் வைத்தியம் பைகளை விலக்கி வைப்பது. நோய் கண்ட ஓலையை வெட்டி அப்புறப்படுத்துவது. பூஞ்சைக்கொல்லி அதற்குப் பிறகுதான்.

வளர்ந்த மரத்தில் கதை வேறு. புள்ளி அடிமட்டைகளில் மட்டும் இருக்கிறதா என்று பார். பொட்டாஷ் குறைந்தால் மரம் பழைய மட்டையிலிருந்து சத்தை உருவிப் புதுக் குருத்துக்குக் கொடுக்கும். அதனால் கீழ் மட்டையில்தான் ஆரஞ்சுப் புள்ளிகள் தோன்றி, ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசியில் பழுப்பாகிக் காயும். ஓலையை வெயிலுக்கு நேரே பிடித்தால் புள்ளி வழியே வெளிச்சம் தெரியும். ஆனால் சுற்றியுள்ள மரங்கள் பச்சையாக இருக்க, ஒரே ஒரு மரம் மட்டும் இப்படி நின்றால் அது பெரும்பாலும் பிறவிக் குணம். அதற்கு எத்தனை மூட்டை பொட்டாஷ் கொட்டினாலும் பயனில்லை.

மக்னீசியக் குறைவைக் கண்டுபிடிக்க இன்னும் அழகான வழி உண்டு. வெயில் பட்ட ஓலை மஞ்சளாகி ஆரஞ்சாகும். மேல் ஓலையின் நிழல் விழுந்த பகுதி மட்டும் பச்சையாகவே இருக்கும். எந்தப் பூஞ்சையும் நிழல் பார்த்து ஒதுங்காது. அந்த மரத்துக்கு வேண்டியது மக்னீசியம் தரும் கீசரைட் உரம்.

வடக்கே செகிஞ்சான் நெல்வயல்களுக்குப் போனால் பூஞ்சைக்கும் சத்துக்குறைவுக்கும் இடையிலான கோடு கொஞ்சம் கலங்கும். நெல்லின் பழுப்புப்புள்ளி நோய் பூஞ்சையால் வருவதுதான், ஆனால் சத்துக் கெட்ட மண்ணில்தான் அது கொழுக்கும். 1942இல் வங்காளத்தில் நெல்லை இந்த நோய் தாக்கியது. மறு ஆண்டுப் பஞ்சத்துக்கு இதுவே பெரிய காரணம் என்று தாவர நோயியலாளர் எஸ். ஒய். பத்மநாபன் 1973இல் எழுதினார். பொருளியலாளர் அமர்த்தியா சென்னோ விலையேற்றத்தையும் வாங்கும் சக்தி சரிந்ததையும் முன்னிறுத்தினார். எப்படியானாலும், மண்ணைக் கவனிக்காமல் ஓலையை மட்டும் கவனிப்பது அரை வைத்தியம்.

இன்னொன்றையும் மறக்காதே. துளி விழுந்த இடம் மட்டும் கருகி, புள்ளி பரவாமல் நின்று, அடுத்த குருத்து சுத்தமாக வந்தால், அது பக்கத்தில் அடித்த களைக்கொல்லியின் வேலை. அப்படிக் கருக்கும் பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை. ஓலையைக் கருக்கிய அந்த மருந்து, அதை அடித்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. தோட்டங்களில் மருந்தடித்த பெண்களின் மூக்கில் ரத்தம் கசிந்ததையும், தோல் புண்ணானதையும், நகம் கழன்றதையும் தெனாகானித்தா என்ற பெண்கள் உரிமை அமைப்பு 2002இல் அறிக்கையாகவே வெளியிட்டது. நோயைத் தவறாகக் கணித்தால் விரயமாவது தோட்டத்துப் பணம் மட்டுமல்ல. தேவையில்லாத ஒவ்வொரு பம்பும் அந்த அக்காமாரின் உடம்பில் இறங்குகிறது.

ஆகவே தம்பி, புள்ளி விழுந்த நாற்றை இன்றே தனியாக எடுத்து வை. வளர்ந்த மரமானால் மேலிருந்து எண்ணி 17ஆம் மட்டையின் ஓலையை ஆய்வகத்துக்கு அனுப்பு. காரணம் தெரியும்வரை எந்த அக்காவின் தோளிலும் பம்பை ஏற்றாதே.