வாரத்தில் மூன்று மணித்தியாலம்

யாழ்ப்பாணத்தில் எனக்கு ஒரு சிறிய புடவைக்கடை இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் அங்கு வேலை செய்த ஒரு பிள்ளை காசு மேசையடிக்கு வந்து, "நானா, செவ்வாயும் வியாழனும் நாலரைக்கு என்னை விடுவீங்களா? பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்க வேணும்" என்று கேட்டாள். கடை பூட்டுவது ஆறு மணிக்கு. "பின்னேரம்தானே பிள்ளை சனம் வாற நேரம்" என்று மறுத்துவிட்டேன்.

அடுத்த மாதமே அவள் நின்றுவிட்டாள். அவளுக்குப் பதிலாக வந்த இருவரும் ஒருவர் பின் ஒருவராக மூன்று மாதம்கூட நிற்கவில்லை. புடவை வகை, விலை, வாடிக்கையாளரின் பழக்கவழக்கம் எல்லாவற்றையும் இரண்டு தடவை முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தேன். அவள் கேட்டது வாரத்தில் மூன்று மணித்தியாலம். நான் இழந்தது அரை வருடம்.

வியாபாரிகளே, விளையாட்டு வேறு, வியாபாரம் வேறு என்று நானும் நினைத்தவன்தான். நமது குடாநாட்டுப் பெண் ஒருவரின் வாழ்க்கையைப் பார்த்த பிறகே என் பிழை விளங்கியது. அவர் புன்னாலைக்கட்டுவனுக்கு அருகே ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம். உயரம் 6 அடி 10 அங்குலம். 2009இலும் 2018இலும் ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் ஆடியவர். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடங்கள் இவை.

பாடம் 1: திறமைக்கும் மாதச் சம்பளம் வேண்டும்

பதக்கம் வீட்டுக்கு அரிசி வாங்கித் தராது. நமது நாட்டில் வர்த்தக நிறுவனங்களுக்கு இடையே வலைப்பந்துப் போட்டிகள் நடக்கின்றன. நிறுவனங்கள் வீராங்கனைகளுக்கு வேலை கொடுத்துத் தமது அணியில் ஆட விடுகின்றன. தர்ஜினியும் செலான் வங்கி அணிக்கு ஆடியவர். பின்னர் அவுஸ்திரேலியாவில் மெல்பேர்னிலுள்ள சிற்றி வெஸ்ற் பல்கன்ஸ் கழகத்துக்கும் ஆடினார். பெரிய நிறுவனம் அணி வைத்திருக்கலாம். நம்மைப் போன்ற சிறிய கடைக்காரரால் நேரம் கொடுக்க முடியும்.

பாடம் 2: கைமுதல் இருந்தால் மட்டும் போதாது

"இவ்வளவு உயரமென்றால் யாரும் போடலாம்" என்பார்கள். வலைப்பந்து வளையத்தின் உயரம் 3.05 மீற்றர். பந்து கைக்கு வந்தால் மூன்று செக்கனுக்குள் எறிந்துவிட வேண்டும். எதிராளி முன்னால் கைநீட்டி மறித்து நிற்பாள். அந்த மூன்று செக்கனுக்குப் பின்னால் வருடக்கணக்கான பயிற்சி இருக்கிறது. தந்தை விட்டுச்சென்ற கடையும் அப்படித்தான். தொழில் பழகாதவன் கையில் அது நிலைக்காது.

பாடம் 3: ஒருவரால் கடை ஓடாது

2019இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் உலகக் கிண்ணம் நடந்தது. அப்போது தர்ஜினிக்கு வயது 40. அந்தத் தொடரில் மற்ற எல்லோரையும்விடக் கூடுதலாக 348 கோல்கள் போட்டவர் அவர்தான். ஆனால் 16 நாடுகளுக்குள் இலங்கை கடைசி இடங்களில்தான் நின்றது. கெட்டிக்கார விற்பனையாளர் ஒருவர் இருக்கிறார் என்று மற்றவர்களைப் பழக்காமல் விடும் முதலாளி இதை யோசிக்க வேண்டும்.

பாடம் 4: பயிற்றுநர் வீண் செலவு அல்ல

வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாது. வேகமாக ஓடிவந்து பாய்ந்து பந்தைப் பிடிப்பவள் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். முழுப் பாரமும் முழங்காலில் இறங்கும். முழங்கால் தசைநார் அறுந்தால் பல மாதங்கள் களத்துக்கு வர முடியாது. முழங்காலை மடக்கி இறங்குவது எப்படி, ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடாக்குவது எப்படி, எப்போது ஓய்வு கொடுப்பது என்பதைப் பயிற்றுநர்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். பெண் பிள்ளைகள் தமது நோவைத் தயங்காமல் சொல்ல ஒரு பெண் பயிற்றுநர் இருந்தால் பெற்றோருக்கும் நிம்மதி. சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. இது பொழுதுபோக்கு அல்ல, படித்துச் செய்யும் தொழில்.

செய்ய வேண்டியது என்ன?

உங்கள் கடையில் இப்படி ஒரு பிள்ளை கேட்டால், உடனே "இல்லை" என்று சொல்லாதீர்கள். முதலில் கேட்கும் நேரத்தை மணிக்கணக்கில் எழுதுங்கள். அந்த நேரத்தில் நடக்கும் விற்பனையைப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் பாருங்கள். பிறகு, அவர் போனால் புதியவரைப் பழக்க எத்தனை வாரம் செல்லும் என்று கணக்கிடுங்கள். கடைசியாக, விடும் நேரத்துக்கு ஈடாக எந்த நேரத்தில் வருவார் என்பதைப் பேசி இருவரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் பரீட்சித்துப் பாருங்கள்.

சென்ற வருடம் இன்னொரு பிள்ளை அதே கேள்வியோடு வந்தாள். இந்தத் தடவை நான் கொப்பியை எடுத்தேன். எனது கடையில் செவ்வாய், வியாழன் பின்னேரங்களில் அவ்வளவு வியாபாரமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது! இப்போது அவள் அந்த இரண்டு நாளும் காலையில் ஒன்றரை மணித்தியாலம் முந்தி வந்து சரக்கு எண்ணி அடுக்கிவிட்டு, பின்னேரம் மைதானத்துக்குப் போகிறாள். வேலையை விடும் பேச்சே இல்லை.

முதல் பிள்ளையை அண்மையில் ஒரு பாடசாலை மைதானத்தில் கண்டேன். கழுத்தில் விசிலோடு, சிறுமிகளுக்கு முழங்காலை மடக்கி இறங்கப் பழக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சிரித்து, "நானா, கடை எப்படிப் போகுது?" என்றாள். எனது மகளும் அந்த வரிசையில்தான் நின்றாள்.