வயிற்றுக்கு எதற்கு ஸ்கேன்?

கேள்வி: புற்றுநோயால் மார்பகத்தை இழந்த என் அக்காவுக்கு, வயிற்றுச் சதையை வைத்துப் புது மார்பகம் அமைக்கப் போகிறார்கள். அதற்கு வயிற்றில் சி.டி. ஆஞ்சியோ எதற்கு? சிசேரியன் தழும்பு வேறு இருக்கிறதே!

பதில்: அவசியமான ஸ்கேன்தான், பயப்பட வேண்டாம். தொப்புளுக்குக் கீழே உள்ள தோலையும் கொழுப்பையும் எடுத்து மார்பில் வைத்தால் மட்டும் போதாது. அது பிழைக்க ரத்தம் வேண்டும். வயிற்றுத் தசையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும், ஓரிரு மில்லிமீட்டர் பருமனுள்ள குழாய்கள்தான் அதைக் கொண்டுவருகின்றன. இவை ஆளுக்கு ஆள் மாறும். ஒரே வயிற்றில்கூட இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் வேறு மாதிரி இருக்கும்.

கை நரம்பில் அயோடின் மருந்தைச் செலுத்தி எடுக்கும் படத்தில், எந்தக் குழாய் பெரியது, தசைக்குள் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். தொப்புளிலிருந்து அளந்து, ஆபரேஷனுக்கு முன் வயிற்றின்மேல் பேனாவால் புள்ளி வைப்பார்கள். தேடும் நேரம் மிச்சமாகும். தசையை வெட்டி எடுக்காமல் குழாயை மட்டும் பிரித்தெடுக்கவும் இது உதவும். வயிறு பலவீனப்படாமல் இருக்க அதுதான் முக்கியம். தசையை விட்டுவைக்கும் இந்த வழியை 1989-ல் ஜப்பானின் கோஷிமாவும் சொயேடாவும் வெளியிட்டார்கள்.

சிசேரியன் தழும்பு பெரும்பாலும் தடையல்ல. தொப்பை குறைக்கும் அறுவை சிகிச்சை முன்பே செய்திருந்தால்தான் சிக்கல். சிறுநீரகக் கோளாறு, அயோடின் ஒவ்வாமை, மெட்ஃபார்மின் மாத்திரை இவற்றில் எது இருந்தாலும் ஸ்கேனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.