புதிய ஐயரவாளுக்கு ஒரு கடிதம்

அன்புத் தம்பி,

குருப்பட்டம் பெற்ற கையோடு உன்னை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் அனுப்பியிருக்கிறார்கள் என்று அறிந்து சந்தோஷம். "நிர்வாகத்தையே மாற்றி அமைக்கணும் அண்ணாச்சி, பேராயர் கையில்தான் எல்லா அதிகாரமும்" என்று எழுதியிருந்தாய். மாற்றத்தான் வேண்டும். ஆனால் நீ மேலே பார்க்கிறாய். கோளாறு கீழே இருக்கிறது.

பேராயர் அதிகாரத்தைப் பற்றிய சண்டை திருநெல்வேலிக்குப் புதிதல்ல. உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கப் பேராயரின் கை வேண்டுமா என்ற தகராறில்தான் 1835இல் மிஷனரி ரேனியஸ் ஐயரை சி.எம்.எஸ். மிஷன் சங்கம் நீக்கியது. சபைகள் இரண்டுபட்டன. 1838இல் அவர் கண்மூடிய பிறகுதான் அது ஆறத் தொடங்கியது. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது இரு தரப்புக்கும் இடம் கொடுத்தார்கள்: ஆங்கிலிக்கன் முறைப்படி பேராயர் இருப்பார், இணைந்த மற்றச் சபைகளின் வழக்கப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களும் இருக்கும். இன்றும் பேராயர் பதவிக்குத் திருமண்டலப் பெருமன்றம் வாக்களித்துப் பெயர்களை அனுப்புகிறது. திருச்சபையின் உச்ச மன்றமான சினாட் அதில் ஒருவரைத் தெரிந்தெடுக்கிறது. ஏட்டில் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஏன் நீதிமன்றத்துக்குப் போகிறோம்? பேராயர்களின் ஓய்வு வயதை 67லிருந்து 70 ஆக்கும் திருத்தம் வழக்கானது. 2024 ஏப்ரலில் சினாட் நிர்வாகத்தைக் கவனிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற இரண்டு நீதிபதிகளை நியமித்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எல்லாரும் சட்டத்திருத்தம் பேசுகிறார்கள். பெருமன்றத்துக்கு ஆள் எங்கிருந்து போகிறது என்று யாரும் கேட்பதில்லை. உன் சேகரத்திலிருந்துதான், உன் பொறுப்பிலுள்ள சபைகளிலிருந்துதான் போகிறது.

தேர்தல் அறிவித்ததும் கோயில் தாழ்வாரத்தில் வாக்காளர் பட்டியல் ஒட்டுவார்கள். அதன் முன் நின்று பார். சங்கக் காணிக்கை பாக்கி, அதனால் ஓட்டில்லை என்று நேற்றுவரை இருந்த ஒரு தெருவே திடீரென்று பாக்கி தீர்த்திருக்கும். ரசீதுகளில் ஒரே கையெழுத்து, அடுத்தடுத்த எண்கள். வருஷம் முழுக்க ஆராதனைக்கு வராத பெயர்களும் பட்டியலில் இருக்கும். இவ்வளவு பணத்தை ஒருவர் ஏன் செலவழிக்கிறார்? பக்தியினால் அல்ல. நம் சபை நடத்தும் உதவிபெறும் பள்ளியில் ஆசிரியருக்குச் சம்பளம் அரசாங்கம் தருகிறது. ஆளைப் பொறுக்குவது தேர்தலில் ஜெயித்து வரும் நிர்வாகம். ஒரு கையெழுத்தில் ஒரு குடும்பத்துக்கு முப்பது வருஷ வருமானம். அந்தப் பேனா இருக்கும்வரை, மேலே எந்தச் சட்டத்தைத் திருத்தினாலும் அணி அணியாகத்தான் நிற்பார்கள். ஈ மொய்க்கிறதென்று விசிறிக்கொண்டே இருக்கிறோம், வெல்லத்தை மூடாமல்.

உங்கள் வட்டாரத்தின் கதையே வேறு மாதிரி தொடங்கியது, அதையும் சொல்கிறேன். 1854இல் மிஷனரி ராக்லண்ட் திருநெல்வேலியின் இந்த வடபகுதிக்குக் கூடாரத்தோடு வந்தார். கேம்பிரிட்ஜில் கல்லூரி ஃபெல்லோவாக இருந்தவர். 1858இல் சிவகாசியில் இறந்தார். அவரோடு ஊர் ஊராக நடந்த உபதேசியார்கள் தெற்கத்திச் சபைகளிலிருந்து முறைவைத்து வந்தவர்கள். அவர்கள் செலவை அந்தச் சபைகளே ஏற்றன. கொடுத்தவர்களுக்கு இங்கே பதவி எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. சாதிச் சண்டை அன்றும் இருந்தது. ஆனால் காணிக்கைக்கும் நாற்காலிக்கும் முடிச்சுப் போடாமல் ஒரு வேலை நடந்திருக்கிறது.

ஆகவே நீ கேட்க வேண்டியது ஒன்றுதான்: நியமன அதிகாரம் தேர்தலில் ஜெயித்தவர்கள் கையைவிட்டுப் போகவேண்டும். பணி நியமனத்துக்குத் தனிக் குழு, அதில் வெளிக் கல்லூரி ஆசிரியர்கள், மதிப்பெண் பட்டியல் அறிவிப்புப் பலகையில். இதைத் தீர்மானமாக எழுதிப் பெருமன்றத்துக்கு அனுப்பு. முதல் தடவை தோற்கும். மறுபடி அனுப்பு. பேராயரை யார் தேர்ந்தெடுப்பது, எத்தனை வயதில் ஓய்வு என்பதெல்லாம் அதற்குப் பிறகு தானாகச் சின்ன விஷயமாகிவிடும்.

இன்னொன்று. பள்ளித் தாளாளர் பொறுப்பு உன்னைத் தேடி வரலாம். மரியாதைக்குத் தருவதுபோலத்தான் தருவார்கள். வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்து, அதைச் சேகர கமிட்டி நடவடிக்கைப் புத்தகத்தில் ஏற்றச் சொல். இரண்டு அணிக்கும் உன்மேல் கோபம் வரும். வரட்டும். அசன விருந்தன்று இரண்டு பக்கத்தாரோடும் உட்கார்ந்து சாப்பிடு, வீடுகளைச் சந்திக்கப் போவதை மட்டும் நிறுத்தாதே.

அன்புடன்,
அண்ணாச்சி