எரிமலை இல்லாத தீவின் குன்றும் கரையும்

தென்கிழக்காசியாவின் வரைபடத்தை விரித்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை எளிதில் புலப்படும். சுமத்ராவில் தொடங்கி, ஜாவா, பாலி, லொம்போக் என்று கிழக்கு நோக்கி நீளும் தீவுகள் எரிமலைகளை முதுகில் சுமந்து நிற்கின்றன. 1883ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சுந்தா நீரிணையில் கிரக்கத்தோவா வெடித்தபோது, அவ்வொலி ஏறத்தாழ 4,800 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ரொட்ரிகஸ் தீவிலும் கேட்டது. எழுந்த பேரலைகளும் எரிசாம்பலும் 36,000 பேருக்கு மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்தன. பாலியின் வடகரையில், லொவினா என்னுமிடத்தில் மணல் கருமையாக இருப்பதும் எரிமலைப் பாறை பொடிந்து கரைசேர்ந்ததனாலேயே.

இத்தீவுத் தொடருக்கு வடக்கே சற்று ஒதுங்கி நிற்கிறது சிங்கப்பூர். இங்கு எரிமலை கிடையாது. கரிய மணலும் கிடையாது. ஆயினும் இத்தீவின் நடுப்பகுதியிலுள்ள பாறையும் நெருப்பின் குழந்தையே என்று கூறினால் வாசகர்கள் வியப்படையக்கூடும். பூமியின் ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு மேலே பீறிட்டு வெளிவந்தால் எரிமலையாகிறது. வெளிவர இயலாமல் நிலத்தடியிலேயே தங்கிவிட்டால், அது பல்லாயிரம் ஆண்டுகள் மெல்ல மெல்லக் குளிர்ந்து கருங்கல்லாக இறுகுகிறது. விரைவில் குளிர்ந்த கல்லில் மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை. மெதுவாகக் குளிர்ந்த கல்லிலோ அவை பெரிதாக வளர்ந்து, வெள்ளையும் சாம்பலும் கறுப்புமாகத் தனித்தனியே மின்னும். நம் வீட்டு அம்மிக்கல்லை வெயிலில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். சிங்கப்பூரின் கருங்கல் இவ்வாறு உருவாகி இருபது கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. மேலிருந்த மண்ணும் பாறையும் தேய்ந்து கரைந்த பின்னரே அது வெளியே தலைகாட்டியது.

அதைக் காண விழைவோர் முதலில் செல்ல வேண்டிய இடம் புக்கிட் தீமா. தேக்காவில் காலைப் பசியாறிவிட்டு, லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் தடத்து ரயிலில் ஏறினால், இடையில் மாறாமலேயே பியூட்டி வோர்ல்டு நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து காட்டின் வாயிலுக்கு நடந்தே சென்றுவிடலாம். 163 மீட்டர் உயரமே உடையதெனினும் சிங்கப்பூரின் மிக உயர்ந்த இடம் இதுவே. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோர் இதனை மலை என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள்! ஆனால் உச்சிக்குச் செல்லும் தார்ச்சாலையின் செங்குத்தான ஏற்றம் அவர்களையும் சற்று மூச்சு வாங்க வைக்கும். 1854ஆம் ஆண்டு இப்பகுதியில் தங்கிய இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரஸல் வாலஸ், சிறியதொரு பரப்பிலேயே ஏறத்தாழ 700 வகை வண்டுகளைத் திரட்டினார். அன்று அவர் அஞ்சியது புலிகளுக்கு. இன்று நாம் கவனிக்க வேண்டியது குரங்குகளை. அவற்றுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம். உணவுப் பொட்டலத்தைக் கையில் வெளிப்படையாகத் தூக்கிச் செல்வதும் அறிவுடைமையன்று.

இதே கருங்கல் வடகிழக்கே கடலில் ஒரு தீவாகவே எழுந்து நிற்கிறது. அதுதான் புலாவ் உபின். தானா மேரா ரயில் நிலையத்திலிருந்து 2ஆம் எண் பேருந்தில் சாங்கி கிராமத்தை அடைந்து, அங்குள்ள படகுத்துறையில் காத்திருக்க வேண்டும். பன்னிரண்டு பேர் சேர்ந்தவுடன் படகு புறப்படும். கால அட்டவணை என்று ஒன்று இல்லை. 1851ஆம் ஆண்டு முதன்முதலாக ஒளி ஏற்றப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்திற்கு இத்தீவின் கல்லே பயன்பட்டது. 1855ஆம் ஆண்டின் ராபிள்ஸ் கலங்கரை விளக்கமும் இக்கல்லைக் கொண்டு எழுந்ததே. அதில் உழைத்தோர் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள். 1924ஆம் ஆண்டு திறப்பு விழா கண்ட ஜொகூர் கடற்பாலத்தின் அடியிலும் உபின் கல் கிடக்கிறது. அப்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வரும் நம்மவர், தீவில் கால் வைக்குமுன்பே அதன் கல்லின்மேல் பயணம் செய்துவிடுகிறார்கள். கல்லுடைப்பு 1999ஆம் ஆண்டோடு முடிவுற்றது. தோண்டிய பள்ளங்கள் இன்று ஆழ்ந்த நீர்நிலைகள்; நாரைகளுக்கு அவை புகலிடம்.

உபினின் கீழ்க்கோடியிலுள்ள செக் ஜாவா தனியே ஒரு நாளைப் பெறத் தகுதியுடையது. சதுப்புநிலக் காடு, மணற்பரப்பு, கடற்புல் வெளி, பாறைக்கரை ஆகியவை ஒரே இடத்தில் கூடியிருப்பது அரிது. இக்கரையைத் தூர்த்து நிலமாக்க அரசாங்கம் திட்டமிட்டிருந்தது. 2001ஆம் ஆண்டில் இயற்கை ஆர்வலரும் பொதுமக்களும் திரண்டு வந்து கரையைப் பார்வையிட்டு, அங்குள்ள உயிர்களைப் பட்டியலிட்டு, தங்கள் கருத்தை அரசாங்கத்தின் முன் வைத்தனர். அவ்வாண்டின் இறுதியில் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டு முதல் கடல்மீது அமைந்த நடைபாதையில் சென்று அவ்வுயிர்களைக் காணலாம். நீர் வற்றியிருக்கும் வேளையில் செல்வதே பயனுடையது. நீரேற்றத்தின்போது சென்றால் கடலைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆகவே புறப்படுமுன் அன்றைய நீரேற்ற இறக்கக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

தீவின் தென்கிழக்குக் கரை வேறு வகையினது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பதினைந்து கிலோமீட்டர் நீளம் மணலும் நிழல் மரங்களும் மிதிவண்டிப் பாதையும் உண்டு. குடும்பத்தோடு பொழுதுபோக்க உகந்த இடம். ஆனால் இக்கரை இயற்கை தந்ததன்று. 1966ஆம் ஆண்டு முதல் பிடோக் வட்டாரக் குன்றுகளை வெட்டி, அம்மண்ணை நகரும் பட்டைகளில் கொணர்ந்து கடலில் கொட்டி உண்டாக்கிய நிலம் இது. நகரின் நடுவே பீச் ரோடு என்று ஒரு சாலை உள்ளது. பெயரை நம்பிச் செல்வோர்க்கு அங்கே கடல் தென்படாது. அலை மோதிய இடத்தில் கட்டடங்கள் நிற்கின்றன. 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று 730க்கும் மேலாக விரிந்துள்ளது. செந்தோசாவின் கடற்கரைகளும் மணல் கொணர்ந்து அமைக்கப்பெற்றவையே. ‘இறப்பின் பின்புறம்’ என்று பொருள்படும் புலாவ் பிளாக்காங் மாத்தி என்னும் பழைய பெயர், 1970ஆம் ஆண்டளவில் அமைதியைக் குறிக்கும் செந்தோசாவாக மாறியது. பெயர் மாறியதுபோல் கூட்டமும் பெருகிவிட்டது. விடுமுறை நாட்களில் அங்கு அமைதியைத் தேடுவது வீண்.

அமைதி வேண்டுவோர்க்குத் தெற்கே செயிண்ட் ஜான் தீவு இருக்கிறது. தோட்டப்புற மக்களாகிய நாம் ஒருமுறையேனும் அங்கு சென்று வர வேண்டும் என்பது எம் எண்ணம். அதற்குக் காரணம் கடற்கரை மட்டுமன்று.

1873ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் வாந்திபேதி பரவியது. அடுத்த ஆண்டே செயிண்ட் ஜான் தீவில் நோய்த் தடுப்பு முகாம் திறக்கப்பட்டது. பினாங்கிற்கு ஜெரெஜாக் தீவு எவ்வாறோ, சிங்கப்பூருக்கு இது அவ்வாறு. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, மேல்தளத்தில் பாய் விரித்துப் பல நாள் கடலில் கழித்து வந்தோர், நகரத்தின் விளக்குகள் தெரிந்த பின்னும் கரையேற முடியாமல் இங்கு இறக்கப்பட்டனர். அம்மை கண்டவரும், காணாமலே ஐயத்திற்கு உள்ளானவரும் நாட்களை எண்ணிக் காத்திருந்தனர். முதல் வகுப்புப் பயணிகளுக்கு இத்தொல்லை பெரும்பாலும் இல்லை. 1926ஆம் ஆண்டு கட்டப்பட்ட ரஜுலா கப்பலில் வந்த முதியோர் சிலரின் வாய்மொழியில் இத்தீவின் நினைவு இன்னும் எஞ்சியிருக்கலாம். வாசகர்கள் தம் இல்லத்துப் பாட்டன் பாட்டியரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

1948ஆம் ஆண்டுக்குப் பின் அரசியல் கைதிகளும் இங்கு அடைக்கப்பட்டனர். மலாக்காவில் ரப்பர் தோட்டக் கிராணியின் மகனாகப் பிறந்த தேவன் நாயர், 1951ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆட்சியால் கைதாகி இத்தீவில் காவலில் இருந்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1981ஆம் ஆண்டில் அவரே சிங்கப்பூரின் அதிபரானார். 1970களில் முகாம் மூடப்பட்டு, தீவு விடுமுறைத் தலமாயிற்று. பக்கத்திலுள்ள லாசரஸ் தீவுக்கு ஓர் இணைப்புப் பாதை உண்டு. அதன் வழியே நடந்தால் பிறைநிலா வடிவிலான வெண்மணற்கரையை அடையலாம். சிங்கப்பூரிலேயே மிகத் தெளிந்த நீர் அங்குதான் என்று நாம் கருதுகிறோம்.

அங்கு செல்ல, லிட்டில் இந்தியாவிலிருந்து வடகிழக்குத் தடத்தில் தோபி காட் வரை சென்று, வடக்குத் தெற்குத் தடத்திற்கு மாறி, கடைசி நிலையமான மரினா சவுத் பியரில் இறங்க வேண்டும். எதிரிலேயே படகுத்துறை உள்ளது. சோற்றுப் பொட்டலமும் தண்ணீரும் கையோடு கொண்டுசெல்லுதல் வேண்டும். செயிண்ட் ஜான் தீவில் உணவகம் தேடி அலைய முடியாது. பிள்ளைகளோடு செல்வோர் தொப்பியையும் குடையையும் மறவாமல் எடுத்துக்கொள்ளட்டும். பயணச்சீட்டு வாங்கும்போதே திரும்பி வரும் கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்வது அவசியம். அது மாலையிலேயே புறப்பட்டுவிடும்.