பணம் வந்ததா, இனிமேல் வருமா?
ஆங்கிலத்தில் துணை வினையும் இணைப்பு வினையும்



நாம் இப்போது தமிழ் நன்றாகப் படிக்கிறோம். பேருந்துப் பலகை, ரேஷன் அட்டை, பிள்ளைகளின் பாடப் புத்தகம் எல்லாம் படிக்கிறோம். ஆனால் பெங்களூரில் குடியிருக்கும் நமக்கு அது மட்டும் போதவில்லை. இங்கே பலகைகளில் பெரும்பாலும் கன்னடமும் ஆங்கிலமும்தான் இருக்கின்றன. கைப்பேசிக்கு வரும் வங்கிச் செய்தியும் பெரும்பாலும் ஆங்கிலம்தான். அதனால் கொஞ்சம் ஆங்கிலமும் தெரிந்துகொள்வோம்.

இந்தப் பாடத்தில் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

பூக்கார அக்காவுக்கு நடந்தது

எங்கள் மாலை வகுப்புக்கு ஓர் அக்கா வருகிறார். விடியற்காலையில் கே.ஆர். மார்க்கெட்டில் பூ வாங்குவார். பகலில் மாலை கட்டி விற்பார். இரவில் வகுப்புக்கு வருவார்.

தை மாதம். கல்யாண நேரம். ஒருவர் வந்து இரண்டு மாலையும் பத்து முழம் பூவும் கேட்டார். மொத்தம் 2,400 ரூபாய். "பணத்தை வங்கியில் போட்டுவிட்டேன்" என்று சொல்லித் தம் கைப்பேசியைக் காட்டினார். அதில் ஓர் ஆங்கிலச் செய்தி இருந்தது. அக்கா எழுத்துக் கூட்டிப் பார்த்தார். "கிரெடிட்டட்" என்ற சொல் தெரிந்தது. பூவைக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் பணம் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அந்த மனிதரும் வரவில்லை.

அக்கா வகுப்பில் என்னைக் கேட்டார்: "ஏம்மா, கிரெடிட்டட்னா பணம் வந்துருச்சுன்னுதானே நீ சொன்ன?"

ஆமாம். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் பாதிதான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்தச் செய்தியில் இருந்த முழு வரி இது:

"தி அமௌன்ட் வில் பி கிரெடிட்டட்."

இதன் பொருள், "பணம் வரவு வைக்கப்படும்" என்பது. அதாவது இனிமேல்தான். பணம் வந்திருந்தால் வரி இப்படி இருந்திருக்கும்:

"தி அமௌன்ட் ஹேஸ் பீன் கிரெடிட்டட்."

இதன் பொருள், "பணம் வரவு வைக்கப்பட்டுவிட்டது" என்பது.

இரண்டிலும் "கிரெடிட்டட்" இருக்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் சின்னச் சொற்கள்தான் வேறு. "வில் பி" என்றால் வரும். "ஹேஸ் பீன்" என்றால் வந்துவிட்டது. அந்தச் சின்னச் சொற்களை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இன்று அவற்றைப் படிப்போம்.

ஒரே சொல், இரண்டு வேலை

"இஸ்" என்பது சின்னச் சொல். எல்லா இடத்திலும் வரும். இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள்.

கமலா இஸ் எ டெய்லர்.
(கமலா தையல்காரர்.)

கமலா இஸ் ஸ்டிச்சிங்.
(கமலா தைத்துக்கொண்டிருக்கிறார்.)

இரண்டிலும் "இஸ்" இருக்கிறது. ஆனால் அது செய்யும் வேலை ஒன்றல்ல. முதல் வரியில் அது இணைப்பு வினை. இரண்டாம் வரியில் அது துணை வினை.

இணைப்பு வினை: பூவைக் கட்டும் நார்

மாலை கட்டும்போது ஒரு பூவையும் இன்னொரு பூவையும் எது சேர்க்கிறது? நார். நார் மணக்காது. கண்ணுக்கும் அதிகம் தெரியாது. ஆனால் நார் இல்லாவிட்டால் மாலை இல்லை.

"கமலா இஸ் எ டெய்லர்" என்பதில் "இஸ்" நார் போன்றது. ஒரு பக்கம் கமலா. மறுபக்கம் டெய்லர். இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறது. இங்கே யாரும் எந்த வேலையும் செய்யவில்லை. கமலா யார் என்று மட்டும் சொல்கிறோம்.

யார், என்ன, எப்படி, எங்கே என்று சொல்வதற்கு இணைப்பு வினை வரும்.

முருகன் இஸ் மை பிரதர். (முருகன் என் சகோதரர்.)
தி மில்க் இஸ் ஹாட். (பால் சூடாக இருக்கிறது.)
தி கீ இஸ் இன் தி பாக்ஸ். (சாவி பெட்டியில் இருக்கிறது.)

இதில் நமக்கு ஒரு சிரமம் உண்டு. "முருகன் என் சகோதரர்" என்று தமிழில் சொல்லும்போது வினைச்சொல்லே இல்லை. இருந்தும் பொருள் முழுமையாக இருக்கிறது. அதனால் ஆங்கிலத்திலும் நாம் "ஐ டெய்லர்" என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் நார் கட்டாயம் வேண்டும். "ஐ ஆம் எ டெய்லர்" என்றுதான் சொல்ல வேண்டும்.

துணை வினை: கொத்தனாருக்குச் சித்தாள்

நம் வகுப்பில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் பலர். கொத்தனார் சுவர் வைக்கிறார். சித்தாள் கலவையும் செங்கலும் எடுத்துக் கொடுக்கிறார். சித்தாள் வராவிட்டால் கொத்தனாரின் வேலை ஓடாது.

"கமலா இஸ் ஸ்டிச்சிங்" என்பதில் கொத்தனார் யார்? "ஸ்டிச்சிங்". தைக்கும் வேலையைச் சொல்வது அதுதான். அதற்கு முதன்மை வினை என்று பெயர். "இஸ்" அதற்குச் சித்தாள். அதனால் அது துணை வினை. வேலை இப்போது நடக்கிறதா, முடிந்துவிட்டதா, இனி நடக்குமா என்பதைச் சொல்ல அது உதவுகிறது.

தமிழிலும் இந்த உதவி உண்டு. "தைத்துக்கொண்டிருக்கிறார்" என்பதில் "தைத்து" கொத்தனார். "கொண்டிருக்கிறார்" சித்தாள். ஒரு வேறுபாடு மட்டும் நினைவில் இருக்கட்டும். தமிழில் சித்தாள் பின்னால் வருகிறார். ஆங்கிலத்தில் முன்னால் வருகிறார். அக்கா பின்னால் இருந்த "கிரெடிட்டட்" என்பதைப் பார்த்தார். முன்னால் நின்ற சித்தாளைப் பார்க்கவில்லை.

துணையாக வரும் சொற்கள் எவை?

ஆங்கிலத்தில் துணை வினையாக வரும் சொற்கள் 23 என்று பள்ளியில் கணக்குச் சொல்வார்கள். அவற்றை நான்கு குடும்பமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் குடும்பம், 8 சொற்கள்: ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பி, பீயிங், பீன்.
இரண்டாம் குடும்பம், 3 சொற்கள்: ஹேவ், ஹேஸ், ஹேட்.
மூன்றாம் குடும்பம், 3 சொற்கள்: டூ, டஸ், டிட்.
நான்காம் குடும்பம், 9 சொற்கள்: வில், வுட், ஷல், ஷுட், கேன், குட், மே, மைட், மஸ்ட்.

நான்காம் குடும்பம் எப்போதும் சித்தாள்தான். சந்தேகம் வேண்டாம்.

முதல் குடும்பம் சில இடத்தில் சித்தாள், சில இடத்தில் நார். இங்கேதான் கவனம் வேண்டும்.

இரண்டாம், மூன்றாம் குடும்பங்கள் சில இடத்தில் சித்தாள், சில இடத்தில் தாமே கொத்தனார். "ஐ ஹேவ் டூ சன்ஸ்" என்றால் "எனக்கு இரண்டு மகன்கள்" என்று பொருள். இங்கே "ஹேவ்" நாரும் இல்லை, சித்தாளும் இல்லை. அதுவே முதன்மை வினை. "ஐ ஹேவ் பெய்ட்" என்றால் "நான் பணம் கட்டிவிட்டேன்" என்று பொருள். இங்கே "பெய்ட்" கொத்தனார், "ஹேவ்" சித்தாள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: இந்தச் சொல்லுக்குப் பின்னால் வேலையைச் சொல்லும் இன்னொரு வினை இருக்கிறதா? இருந்தால் இது துணை வினை.

இரண்டாம் கேள்வி: அப்படி இல்லை என்றால், பின்னால் இருப்பது யார், என்ன, எப்படி, எங்கே என்று சொல்கிறதா? சொன்னால் இது இணைப்பு வினை.

சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, கணக்கில் போடும் சமக்குறியைப் போட்டுப் பாருங்கள்.

கமலா = டெய்லர். சரியாக இருக்கிறது. எனவே இணைப்பு.
கமலா = தைத்தல். சரியாக இல்லை. கமலா ஒரு பெண். தைத்தல் ஒரு வேலை. எனவே துணை.

ஏமாற்றும் இடங்கள்

ஒன்று. வகுப்பில் ஓர் அண்ணன் சொன்னார்: "பின்னால 'இங்' சத்தம் கேட்டா சித்தாள்னு வச்சுக்கலாமா?" பல இடத்தில் அது சரி. ஆனால் எப்போதும் இல்லை.

ஷி இஸ் குக்கிங். (அவர் சமைத்துக்கொண்டிருக்கிறார்.)
ஹெர் ஜாப் இஸ் குக்கிங். (அவருடைய வேலை சமையல்.)

முதல் வரியில் அவர் சமைக்கிறார். "இஸ்" துணை. இரண்டாம் வரியில் வேலை = சமையல். "இஸ்" இணைப்பு.

வங்கிச் செய்தியில் வரும் "பேமென்ட் இஸ் பெண்டிங்" என்பதும் இப்படித்தான். பணம் = நிலுவை. இங்கே "இஸ்" இணைப்பு. பணம் இன்னும் வந்து சேரவில்லை என்று பொருள்.

இரண்டு. நடுவில் வேறு சொல் புகுந்துகொள்ளும். "முருகன் இஸ் நாட் ஒர்க்கிங்" என்றால் முருகன் வேலை செய்துகொண்டிருக்கவில்லை. "இஸ் முருகன் ஒர்க்கிங்?" என்றால் அது கேள்வி. இரண்டிலும் "இஸ்" தள்ளி நின்றாலும் "ஒர்க்கிங்" என்பதற்குத்தான் துணை.

மூன்று. சித்தாளும் நாரும் ஒரே வரியில் வரலாம். "தி ஷாப் வில் பி ஓபன் டுமாரோ." நாளை கடை திறந்திருக்கும். "வில்" துணை. "பி" இணைப்பு. கடை எப்படி இருக்கும்? திறந்திருக்கும்.

நான்கு. "தி கவுண்டர் இஸ் க்ளோஸ்ட்" என்று பலகை பார்த்திருப்பீர்கள். கவுண்டர் எப்படி இருக்கிறது? மூடியிருக்கிறது. இங்கே "இஸ்" இணைப்பு. "தி கேட் இஸ் க்ளோஸ்ட் பை தி வாட்ச்மேன்" என்றால், கதவு காவலாளியால் மூடப்படுகிறது. மூடும் வேலையும் செய்பவரும் வந்துவிட்டதால் இங்கே "இஸ்" துணை.

வேறு நார்களும் உண்டு

"இஸ்" குடும்பம் மட்டும் இணைப்பதில்லை. பிகம், சீம், லுக், ஃபீல், டேஸ்ட், ஸ்மெல் போன்ற சொற்களும் இணைக்கும்.

தி சாம்பார் டேஸ்ட்ஸ் சால்ட்டி. (சாம்பார் உப்புக் கரிக்கிறது.)

"டேஸ்ட்ஸ்" என்பதை எடுத்துவிட்டு "இஸ்" போடுங்கள். "தி சாம்பார் இஸ் சால்ட்டி." பொருள் கெடவில்லை. எனவே இது இணைப்பு.

கமலா டேஸ்ட்ஸ் தி சாம்பார். (கமலா சாம்பாரை ருசி பார்க்கிறார்.)

இங்கே "இஸ்" போட்டால் "கமலாதான் சாம்பார்" என்று ஆகிவிடும்! வகுப்பே சிரித்தது. கமலா ஒரு வேலை செய்கிறார். எனவே இங்கே "டேஸ்ட்ஸ்" முதன்மை வினை.

பணம் பற்றிய செய்தி வந்தால்

கிரெடிட்டட் என்றால் வரவு. டெபிட்டட் என்றால் நம் கணக்கிலிருந்து கழித்தது. முன்னால் நிற்கும் சித்தாளைப் பாருங்கள்.

ஹேஸ் பீன் கிரெடிட்டட்: வரவு வைக்கப்பட்டுவிட்டது.
வில் பி கிரெடிட்டட்: இனிமேல் வரவு வைக்கப்படும்.
மே பி கிரெடிட்டட்: வரவு வைக்கப்படலாம், உறுதி இல்லை.
ஹேஸ் நாட் பீன் கிரெடிட்டட்: வரவு வைக்கப்படவில்லை.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். மற்றவர் கைப்பேசியில் என்ன எழுதியிருந்தாலும் அது நமக்குச் சாட்சி ஆகாது. நம் கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பொருளைக் கொடுக்க வேண்டும்.

பூக்கார அக்காவின் 2,400 ரூபாய் திரும்பி வரவில்லை. ஆனால் அவர் வகுப்பை நிறுத்தவில்லை. பங்குனி மாதம் ஒரு வீட்டுக்காரர் இதேபோலக் கைப்பேசியை நீட்டினாராம். அக்கா படித்துவிட்டுச் சொன்னாராம்: "சார், இதுல 'வில் பி'ன்னு இருக்கு. என் கணக்குல ஏறட்டும். பூ இங்கேயே இருக்கும், தண்ணி தெளிச்சு வைக்கிறேன்." அரை மணி நேரத்தில் பணம் வந்தது. பூ போனது.

பயிற்சி

கீழே உள்ள வரிகளில் வரும் சின்னச் சொல் துணையா, இணைப்பா?

1. ஐ ஆம் எ மேசன். (நான் கொத்தனார்.) "ஆம்"?
2. தி ட்ரெயின் இஸ் கமிங். (ரயில் வந்துகொண்டிருக்கிறது.) "இஸ்"?
3. தி சில்ட்ரன் வேர் ஹங்ரி. (பிள்ளைகள் பசியாக இருந்தார்கள்.) "வேர்"?
4. யு மஸ்ட் சைன் ஹியர். (நீங்கள் இங்கே கையெழுத்துப் போட வேண்டும்.) "மஸ்ட்"?
5. டஸ் திஸ் பஸ் கோ டு மார்க்கெட்? (இந்தப் பேருந்து மார்க்கெட்டுக்குப் போகுமா?) "டஸ்"?
6. தி ஃப்ளவர் ஸ்மெல்ஸ் ஸ்வீட். (பூ நன்றாக மணக்கிறது.) "ஸ்மெல்ஸ்"?

விடைகள்: 1. இணைப்பு. 2. துணை. 3. இணைப்பு. 4. துணை. 5. துணை. 6. இணைப்பு.

செய்து பாருங்கள்

இன்று உங்கள் கைப்பேசிக்கு வந்த ஓர் ஆங்கிலச் செய்தியை நோட்டில் எழுதுங்கள். அதில் உள்ள சின்னச் சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள். ஒவ்வொன்றும் நாரா, சித்தாளா, கொத்தனாரா என்று எழுதுங்கள். தெரியாததை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். எனக்கும் தெரியாவிட்டால் எல்லோரும் சேர்ந்து கண்டுபிடிப்போம்.